மார்கழி 1க்குள் ஒரு முடிவு: கிண்ணமா, தம்பூராவா, திருப்புகழா, காவடியா?

பண்ணைக்காட்டில் இருக்கும் என் சித்தி மகள் போன வாரம் போனில் கேட்டாள். "அண்ணே, ரெண்டு நாள் வகுப்பு, ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபா. கட்டட்டுமா, வேண்டாமா?"

கொடைக்கானலில் ஒரு விடுதியில் நடக்கிற ஒலிக்கிண்ண வகுப்பைப் பற்றித்தான் கேட்டாள். உலோகக் கிண்ணத்தைத் தட்டி, அந்த ஓசையால் மனசையும் உடம்பையும் ஆற்றுவதாகச் சொல்கிற வகுப்பு. சித்தப்பா ஆவணியில் தவறியதிலிருந்து அவளுக்கு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. அப்புறம் தூக்கம் கிடையாது. டாக்டரைப் பார்த்தாயிற்று, மாத்திரையும் சாப்பிடுகிறாள். அதில் கை வைக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவள் தேடுவது வேறு. "பாட்டுக்குள்ள மந்திரம் இருக்குன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு. எந்தப் பாட்டுலன்னு கேக்காம விட்டுட்டேன்."

2026 தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி. அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் 16, மார்கழி 1, முதல் நாளாக அமைகிறது. சரியாக 48 நாள், ஒரு மண்டலம். இப்படிப் பொருந்தி வருவது எல்லா வருடமும் வாய்க்காது. அதற்குள் கிண்ணம், தம்பூரா, திருப்புகழ், காவடி என்ற நான்கில் எதை எடுப்பது என்று யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தது போனில் அடங்கவில்லை. அவளைப் போலவே கேட்கிறவர்கள் வேறு சிலரும் இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையாளன் இல்லை. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஸ்வெட்டர் கடை வைத்திருக்கிறவன். பதினோரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் நாலைந்து பேரோடு திருப்புகழ் பாடுகிறேன், சுமாராக. ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். ஆனாலும் நான்கையும் தொட்டுப் பார்த்தவன் என்ற ஒரு தகுதி உண்டு.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கிளப்பிவிட்ட பைத்தியம்" என்று அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, சிரித்தாராம். கிண்ணத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது பாதி சரி, அதற்கு வருகிறேன். பாட்டை மருந்தாகவும் காப்பாகவும் பாடுவது மலைக்காரர்களுக்கு ரொம்பப் பழைய பழக்கம். சங்க நூலான மலைபடுகடாமில், மலையில் கேட்கும் ஓசைகளின் நீண்ட வரிசைக்கு நடுவே ஒரு பாட்டு வந்து போகிறது. புலி பாய்ந்து கணவன் மார்பில் நீளமான புண். அது ஆறுவதற்குக் காப்பாகக் கொடிச்சி, அதாவது மலைக்குறப் பெண், பாடுகிறாள். புறநானூறு 281இல் போரில் புண்பட்டு வந்தவனின் வீட்டு வாசலில் இரவத் தழையும் வேம்பும் செருகி, யாழும் பிற கருவிகளும் ஒலிக்கக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள். அகநானூறு 102 இன்னும் பிடித்தமானது. தினைப்புனத்துக் காவல்காரன் குடித்துவிட்டுப் பரணில் கிடக்கிறான். அவன் மனைவி கூந்தலைக் காற்றில் உலர்த்தியபடி குறிஞ்சிப் பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த யானை கதிரையும் தொடாமல், நின்ற இடத்தையும் விட்டு நகராமல், அப்படியே தூங்கிப்போகிறது. தூக்கம் வராதவளுக்கு இதைவிட என்ன சிபாரிசு வேண்டும்?

பெரியபுராணத்தில் ஒன்று. சம்பந்தர் கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், தங்கியிருந்தபோது கூட வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொள்கிறது. அப்போது அவர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு 'தீண்டப்பெறா திருநீலகண்டம்' என்று வரும். கெஞ்சுகிற குரல் இல்லை அது, அதட்டுகிற குரல். நோயைப் பார்த்து ஆணையிடுகிறார். பண் வியாழக்குறிஞ்சி. காய்ச்சலுக்கு இதை ஓதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இந்தக் கதைகளில் எல்லாம் பாடுகிறவர் வேண்டியவர். மனைவி, வீட்டார், கூடவே நடந்து வந்தவர். கட்டணம் கட்டி வரவழைத்த ஆள் ஒருவரும் இல்லை. யானை மட்டும்தான் ஓசியில் கேட்டுவிட்டுத் தூங்கியது.

நான் எடை போடுகிற படிக்கல் ஒன்றே ஒன்று. 40ஆம் நாள் விடியற்காலை. வெளியே உறைபனி, உள்ளே கரண்டு இல்லை, மனசும் இல்லை. அன்றைக்கும் அது நடக்குமா?

சரி, கிண்ணம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் அழைத்துப் போய், நானும் ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்தேன். பாய், கம்பளி, கண்ணுக்கு மேல் ஒரு துணி. பெரிய கிண்ணம் ஒன்றை நெஞ்சின் மேல் வைத்து, துணி சுற்றிய கட்டையால் விளிம்பில் மெல்லத் தட்டினார்கள். காதுக்கு முந்தி விலா எலும்புக்குத்தான் சத்தம் தெரிந்தது. வாங், வாங் என்று அலை அலையாக இறங்கி, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. நாலாவது தட்டுக்கு நான் இல்லை. குறட்டை விட்டதாகப் பிறகு சொன்னார்கள். அன்று ராத்திரியும் நல்ல தூக்கம். இதை மறைத்துவிட்டு ஒப்பீடு எழுதினால் நியாயம் ஆகாது.

அந்த 'வாங் வாங்' எப்படி வருகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கிண்ணம் துல்லியமான வட்டமாக இருப்பதில்லை. அதனால் ஒரே தட்டில் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான இரண்டு சுரங்கள் கிளம்புகின்றன. அவை சேர்ந்தும் விலகியும் ஒலிப்பதுதான் அந்த ஏற்ற இறக்கம். கோயில் மணியை ஓங்கி அடித்துவிட்டு அதன் கார்வையைக் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் இதே விம்மல் இருக்கும். காசு கேட்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை சொன்ன பாதி சரி இங்கேதான் வருகிறது. திபெத்திய மடங்களின் ஆயிரமாண்டு ரகசியம் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். மடங்களில் மணி உண்டு, சங்கு உண்டு, நீண்ட எக்காளம் உண்டு, அடித்தொண்டையிலிருந்து வரும் ஓதல் உண்டு. இந்தக் கிண்ண வைத்தியம் உலகத்தில் பரவியதற்கு, 1972இல் ஹென்றி வுல்ஃப், நான்சி ஹென்னிங்ஸ் என்ற இருவர் வெளியிட்ட இசைத்தட்டு ஒரு முக்கியமான காரணம். ஏழு உலோகம் என்பதும் அப்படித்தான். சோதித்துப் பார்த்த பழைய கிண்ணங்கள் பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். நானும் ஏமாந்தவன்தான். 'கையால் அடித்து உருவாக்கிய ஏழு உலோகக் கிண்ணம்' என்று ஒருவர் தந்ததை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். திண்டுக்கல்லில் ஒரு பாத்திரக்கடைக்காரர் அதன் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கடைசல் கோடு தெரியுதே சார்" என்றார். கையால் அடித்தது இல்லை, கடைசல் இயந்திரத்தில் கடைந்தது என்று அர்த்தம். இப்போது அதில் மேசைச் சாவிகள் கிடக்கின்றன.

432 அதிர்வெண், 528 அதிர்வெண் என்றும் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுப்பார்கள். உலகமே 440க்கு மாறியதால்தான் மனிதனுக்கு நிம்மதி போயிற்று என்று அதில் இருக்கும். 440 என்பது வாத்தியக் கோஷ்டிகள் ஒத்து வாசிப்பதற்காக வைத்துக்கொண்ட ஏற்பாடு. 1955இல் சர்வதேசப் பரிந்துரையாகி, 1975இல் உறுதியானது. நம் சங்கீதத்தில் சுருதி பாடுகிறவரின் தொண்டையைப் பொறுத்தது. ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை என்பார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. இந்த எண்ணுக்குத்தான் சக்தி என்றால் நம் ஊர்ப் பாடகர்கள் அத்தனை பேருக்கும் அது தற்செயலாகத்தான் கிடைத்திருக்க வேண்டும்.

என் சிக்கல் இந்தக் கதைகளோடு இல்லை. அந்த இரண்டு நாளில் கற்றுத் தருவது, மற்றவரைப் படுக்க வைத்து அவர் மேல் கிண்ணத்தைத் தட்டுவதற்கு. அவள் மேல் தட்டுவது யார்? அதற்கு மறுபடி மலை ஏறி வர வேண்டும், மறுபடி காசு. பண்ணைக்காட்டிலிருந்து 48 நாளும் முடியுமா? உடம்பு அசந்து, ஒரே ஒரு ராத்திரி தூங்கினால் போதும் என்றிருக்கும்போது வகுப்பு வேண்டாம், ஒரு மணி நேரம் மட்டும் வந்து படுத்துவிட்டுப் போகலாம். அதற்குமேல் நான் தர மாட்டேன். மந்திரம் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு படுத்திருப்பது எப்படி?

அடுத்தது தம்பூரா. தம்பூராவை யார் வாங்கப் போகிறார்கள். போனில் சுருதிச் செயலி ஒன்று, அல்லது சுருதிப்பெட்டி. விளக்கை ஏற்றி, சுருதியைப் போட்டு, ஸட்ஜத்தில், அதாவது 'ஸ' சுரத்தில், ஓம் என்றோ வெறும் 'ஆ' என்றோ நீட்டிப் பாடுவது. செலவு கிட்டத்தட்டக் கிடையாது. நான்கிலும் இதற்குத்தான் சாஸ்திர பலம் அதிகம். நாத யோகம் என்றே பெயர். ஹடயோக பிரதீபிகையின் நாலாவது அத்தியாயம், காதைப் பொத்திக்கொண்டு உள்ளே கேட்கும் ஓசைகளைக் கடல், மேகம், பேரிகை என்று தொடங்கி, சங்கு, மணி வழியாகக் குழல், வீணை, வண்டு வரைக்கும் கொண்டுபோகிறது. திருமந்திரம் பத்து நாதங்களைச் சொல்கிறது: மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ். பணிந்தவர்களுக்குத்தான் அவை பிடிபடும் என்று முடிக்கிறார் திருமூலர்.

நவீன ஆய்விலும் கொஞ்சம் பிடிமானம் உண்டு. 2001இல் இத்தாலிய மருத்துவர்கள் 23 பேரை வைத்துப் பார்த்தார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், 'ஓம் மணி பத்மே ஹூம்' சொன்னாலும், மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு இசைந்து ஏறி இறங்கின. எங்கள் ஊர் சலேத் மாதா கோயிலில் ஜெபமாலை சொல்லும் பாட்டிமார்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஹும் என்று மூக்கால் முனகும்போது மூக்கின் உட்குழிகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு பதினைந்து மடங்கு கூடுதலாக வெளியே வருவதாக அடுத்த வருடம் சுவீடனில் கண்டார்கள். அதனால் மோட்சம் கிடைக்குமா என்று அவர்கள் சொல்லவில்லை.

அப்படியானால் இதையே எடுத்துவிடலாமே? நான் எடுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் நின்றுபோனது. 2,100 மீட்டர் உயரத்தில், டிசம்பர் ஐந்து மணிக் குளிரில் தொண்டை சட்டென்று திறக்காது. கரகரவென்று ஒரு ஸட்ஜம் வரும். கேட்கிறவர் இல்லை, திருத்துகிறவர் இல்லை, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிறவரும் இல்லை. இன்னொரு கூத்தும் நடந்தது. எட்டாம் நாள் காதுக்குள் மெல்லிய வண்டு ரீங்காரம் கேட்கத் தொடங்கியதும், அடடா, திருமூலர் சொன்ன வண்டு வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். பகலிலும் கேட்டது. கல்லாவில் பணம் எண்ணும்போதும் கேட்டது. காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனால் காதிரைச்சல், குரும்பி அடைத்திருக்கிறது என்று எடுத்துவிட்டார். வண்டு பறந்துபோயிற்று. உள்ளே கேட்கிறதெல்லாம் நாதம் என்று இருந்துவிடாதீர்கள், முதலில் காதைக் காட்டுங்கள்.

அவளுக்கு இதை நான் சொல்லாததற்கு வேறு காரணம். மூன்று மணிக்கு விழித்து ஏற்கெனவே இருட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஒற்றைச் சுருதிக்கு முன்னால் இன்னும் தனியாக உட்கார வைத்தால், அந்த நீண்ட ஓசையில் சித்தப்பாவைத்தான் கேட்பாள். சிலருக்கு அது நல்லது. ஆவணியில் இழந்தவளுக்கு மார்கழியில் நல்லதா என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் கோத்தகிரியில் இருக்கும் நண்பர் ஒருவர், "உண்மையான மந்திர இசை வேணும்னா எங்க ஊருக்கு வாங்க, கோத்தர் இசை" என்றார். கோத்தகிரி என்ற பெயரே கோத்தரிடமிருந்து வந்ததுதான். நீலகிரி மலையில் ஏழு ஊர்களில் இருக்கும் சின்னப் பழங்குடிச் சமூகம். நாதசுரத்தின் சாயல் கொண்ட 'கொள்' என்ற ஊதுகருவியும் பறைகளும் அவர்கள் கையில் பேசும். அந்தப் பேச்சுக்கு ஒரு கறாரான இலக்கணம் உண்டு. தெய்வத்துக்கு ஊதும் மெட்டுகள் தனி, சாவுக்கு ஊதும் மெட்டுகள் தனி, ஆட்டத்துக்குத் தனி. கருவி ஒன்றுதான், ஆனால் சாவு மெட்டைத் தெய்வத் திருவிழாவில் ஊத மாட்டார்கள். அதே மலையின் தொதவர்கள், தோடர்கள் என்றும் சொல்வார்கள், இன்னும் ஒரு படி மேலே. அவர்களுக்குக் கோயில் போன்ற பால்மனையின் பூசாரி எருமைகளுக்கும் இடங்களுக்கும் உரிய புனிதப் பெயர்களைச் சொல்லி வேண்டுவதை, 1906இல் அச்சான தன் நூலில் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மானுடவியலாளர் விவரிக்கிறார். அந்த வேண்டுதல் தொண்டைக்குள்ளேயே சொல்லப்படும், பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல் பிரியாது. பிறர் கேட்டுவிடக் கூடாது என்று தொண்டைக்குள் பூட்டி வைத்ததை நான் போய் யாரிடம் வகுப்பு எடுக்கச் சொல்வது? அழைத்தால் போய்க் கேட்டுவிட்டு வரலாம். அதனால் தலைப்பிலேயே இதற்கு இடம் தரவில்லை.

திருப்புகழ். இதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டு. பாடியது எத்தனையோ, கையில் இருப்பது சுமார் 1,300. அவையும் ஏட்டில் சிதறிக் கிடந்தன. நீதிமன்றத்தில் வேலை பார்த்த வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடி ஏடுகளைச் சேர்த்து, முதல் பாகத்தை 1894இல் அச்சிட்டார். மெட்டுகள் கிடைக்கவில்லை. அருணகிரியார் எந்த ராகத்தில் பாடினார் என்பது போயே போய்விட்டது. ஆனால் தாளம் போகவில்லை, ஏனென்றால் அது எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. சந்தம் என்கிறோமே, அதுதான். பாட்டின் அர்த்தம் தெரியாதவர், ராகம் தெரியாதவர், எழுத்துக் கூட்டி வாசித்தாலே போதும், குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் சேர்ந்து நாக்கைப் பிடித்து நடத்திக்கொண்டு போகும்.

எடுத்துக்காட்டுக்கு ஒன்றே ஒன்று. பழனித் திருவாவினன்குடிப் பாட்டு: 'நாத விந்துக லாதீ நமோநம'. முதல் சொல்லே நாதம், அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இதன் சந்தம் 'தான தந்தன தானா தனாதன'. பொருத்திப் பாருங்கள். நாத, தான. விந்துக, தந்தன. லாதீ, தானா. நமோநம, தனாதன. இப்படி மூன்று அடி ஓடியதும் 'வெகுகோடி' என்று ஒரு தொங்கல். மறுபடி மூன்று நமோநம, ஒரு தொங்கல். முதல் பாதியில் மொத்தம் பன்னிரண்டு நமோநம. நான் முதலில் கற்றபோது தொங்கலில் போய் நின்று மூச்சு வாங்குவேன். எங்கள் குழுவில் மூத்தவர், பாட்டியம்மா ஒருவர், உடனே தொடையில் தட்டுவார். "அங்க நிக்காதப்பா. தொங்கல் ஊஞ்சல் மாதிரி, அடுத்த அடிக்கு அதுதான் தள்ளிவிடும். நமோநம முடியுற இடத்துல களவா ஒரு மூச்சு எடு." களவு மூச்சு! இரண்டு மாதம் ஆனது அதைக் கற்க. கற்ற பிறகு கவனித்தேன்: பன்னிரண்டு களவு மூச்சு எடுக்கிற வரைக்கும் மனசு வேறெங்கும் போக முடியாது. போனால் நாக்குத் தடுக்கிவிடும். கடன், கடை வாடகை, மகனின் மார்க்கு எதுவானாலும் அந்தத் தொங்கலைத் தாண்டி உள்ளே வர முடிவதில்லை. இத்தாலியில் 23 பேரிடம் அளந்தது இந்த மாதிரி ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன், நான் அளந்து பார்க்கவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பெரிய குறை சுருதி. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடினால் யார் கட்டையில் பாடுவது? எங்கள் குழுவில் பெண்கள் அதிகம் என்பதால் அவர்கள் கட்டையில்தான். ஆண்கள் மேலே போனால் கீச்சிடுவோம், கீழே போனால் உறுமுவோம். அடுத்து, குழு என்றால் குழு அரசியல். யார் ஆர்மோனியம், யார் வீட்டில் பிரசாதம், போன கிருத்திகைக்கு சுண்டலில் உப்பு ஏன் இல்லை. அப்புறம் சில பாட்டுகளின் முற்பாதியில் வருகிற விலைமாதர் வருணனையைப் பிள்ளைகளுக்கு விளக்க முடியாமல் விழிப்பதும் உண்டு. டெல்லியில் ஏ.எஸ். ராகவன் உருவாக்கிய முறையில் பாடுகிறவர்கள் ராகம் தாளம் எல்லாம் வகுத்து, அழகாக, ஒழுங்காகப் பாடுவார்கள். எங்களுடையது அவ்வளவு ஒழுங்கு இல்லை. 40ஆம் நாள் கணக்கில் மட்டும் இது ஜெயிக்கிறது. ஒருநாள் போகாவிட்டால் பாட்டியம்மா போன் பண்ணிவிடுவார். கரண்டு வேண்டாம், கருவி வேண்டாம், பத்து நிமிடம் போதும், உலை கொதிக்கும்போதே பாடி முடித்துவிடலாம்.

காவடி. இதை நான் ஓரத்தில் தள்ள நினைத்தேன், முடியவில்லை. சித்தப்பா பத்துப் பதினைந்து வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தவர்.

சிவகிரியையும் சக்திகிரியையும் இடும்பன் கம்பின் இரு முனையிலும் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து வந்த கதை எல்லோருக்கும் தெரியும். காவடிச் சிந்து அந்தச் சுமையின் பாட்டு. சுமக்கிறவனின் நடை தவறாமல் இருக்க வேண்டும், அதற்காகவே பிறந்த தாளம். அண்ணாமலை ரெட்டியார் ஊற்றுமலை ஜமீனில் இருந்தபடி அதைப் புலவர் சபைக்குக் கொண்டுபோனார். 1891இல், முப்பது வயதுகூட நிரம்பாமல் இறந்துபோனார். ரோட்டில் நடக்கிற பாட்டு அவ்வளவு மெருகோடு இருக்காது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அரோகரா போட, பம்பையும் உறுமியும் பின்னால். எங்கள் மலையில் மூட்டம் இறங்கிவிட்டால் பறைத்தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துபோகும். வழியோரம் சருகைக் கூட்டித் தீ மூட்டி, தோலைக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார்கள். 'டொப்' என்பது 'டண்' என்று மாறுகிற அந்தக் கணம், நின்றிருந்த கால்கள் எல்லாம் தானாகக் கிளம்பும்.

நான்கில் நிஜமாகவே ஆளை மாற்றிவிடுவது இதுதான். உறுமியின் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது வருகிற அந்த முனகல் ஏறி ஏறி வந்தால் சிலருக்குச் சாமி வந்துவிடும். பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒன்றும் வராது. கில்பர் ரூழே என்ற பிரெஞ்சு இசை ஆய்வாளர் 1980இல் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். மேள ஓசை மட்டுமே தன் பலத்தால் ஆளை ஆட வைத்துவிடும் என்பதை அவர் ஏற்கவில்லை. அந்த ஓசைக்கு என்ன பொருள் என்று அந்த மக்கள் வைத்திருக்கிறார்களோ, அதோடு சேர்ந்துதான் அது வேலை செய்கிறது என்கிறார். உறுமிக்காரரிடம் கேட்டாலும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார், "அவங்கவங்க குடும்பத்துல வரணும்ல" என்று.

இவளுக்கு அது வரக்கூடிய குடும்பம்தான். அதுதான் என் பயமும். அழுகை உள்ளே தேங்கி நிற்கிறவளை உறுமிக்கு முன்னால் நிறுத்தினால் வருவது சாமியா, சித்தப்பாவா, தேங்கிய அழுகையா என்று யார் பிரித்துச் சொல்வது? தாங்கிப் பிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் கூட இருந்தால் அது அவளுக்குப் பெரிய விடுதலையாகவும் இருக்கலாம். அந்தப் பெரியவர் சித்தப்பாதான். அவர் இல்லை. உடம்புக் கணக்கும் இருக்கிறது: கொடைக்கானலிலிருந்து பழனி ரோடு 64 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். இறக்கத்தில் முழங்கால் படும் பாடு நடந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு தடை நான் யோசிக்காதது. பெரியம்மா சொன்னார்: தலைதிவசம் முடிகிற வரைக்கும் மலைக்கோயில் ஏறக் கூடாது. மகன்களுக்குக் கண்டிப்பாக ஆகாது. கட்டிக் கொடுத்த மகளுக்கு அவ்வளவு இல்லை என்கிறார்கள் சிலர், ஆனாலும் எதற்கு என்கிறார்கள் சிலர். மலையிலேயே பிறந்து மலையிலேயே சாகிற எங்களுக்கு 'மலை ஏறாதே' என்பது வேடிக்கைதான். பழனிக்கு நாங்கள் இறங்கித்தான் போகிறோம். இறங்கிய பிறகு 693 படி ஏற வேண்டும், அதைத்தான் பெரியம்மா சொல்கிறார்.

ஆக நான் அவளுக்குச் சொன்னது இது. வகுப்புக்குப் பணம் கட்டாதே. ஒரே பாட்டு, 'நாத விந்து', காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு விழித்தால் அப்போது ஒரு தடவை. சத்தமாகப் பாட வேண்டாம், பிள்ளைகள் எழுந்துவிடும். உதட்டளவில் போதும், ஆனால் களவு மூச்சைத் தவற விடாதே. சுருதிச் செயலியை முதல் இரண்டு நிமிடம் மட்டும் வைத்துக்கொள். சனிக்கிழமை பஸ் பிடித்து எங்கள் குழுவுக்கு வந்துவிடு, முடியாத வாரம் போனில் சேர்ந்துகொள். மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி. காவடியை அடுத்த வருடம் பார்க்கலாம், உன் தம்பிக்கும் அப்போது தடை இருக்காது.

எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள். பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. வகுப்புக்கே பணம் கட்டிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் ராத்திரி, மணி மூன்றே கால், போன். பதறி எடுத்தேன்.

"அண்ணே, தூங்கிட்டீங்களா? கடைசி அடியில 'ஆவினன்குடி வாழ்வான தேவர்கள் பெருமாளே'ன்னு வருதுல்ல. ஆவினன்குடி கோயில் அடிவாரத்துலதான இருக்கு?"

"ஆமா, அடிவாரத்துலதான்."

"அப்ப பூசத்தன்னிக்கு அங்க வரைக்கும் போலாம்ல. படி ஏற வேணாம்ல."

பெரியம்மாவைக் கேட்க வேண்டும் என்றேன். கேட்டுவிட்டாளாம். அப்பாவின் காவடியைப் பரணிலிருந்து இறக்கி, மணிகளைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறாளாம்; எடுத்துக்கொண்டு போவதற்கு இல்லை, சும்மா, பாடும்போது பக்கத்தில் இருக்கட்டும் என்று. அப்புறம் ஏழாவது நமோநம வரும்போது மூச்சு எங்கே எடுப்பது என்று கேட்டாள். அந்த நேரத்தில் கம்பளிக்குள் படுத்தபடியே முதல் பாதியைப் பாடிக் காட்ட வேண்டியதாயிற்று.